வேலூர் மைதானத்தில் நீண்டதூர ஓட்டக்காரர்களை வைத்து எட்டு வார ஆய்வு: முழுமையான வழிகாட்டி

எட்டு வாரம் பயிற்சி கொடுத்தோம், 3,600 மீட்டரில் சராசரியாகப் பத்து விநாடி குறைந்தது. உடற்கல்வி மாணவர்களின் ஆய்வேடுகளிலும் கிளப் கோச்களின் நோட்டுகளிலும் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். அந்தப் பத்து விநாடி பயிற்சியால் வந்ததா, அன்று காலை குளிர்ச்சியாக இருந்ததால் வந்ததா, பையன்களுக்குச் சோதனை பழகிவிட்டதால் வந்ததா? கடைசி வாரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் கிடைக்காது. முதல் வாரத்திலேயே அதற்கு வழிசெய்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான்.

ஆய்வுக்கூடம் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு ஓட்டக்காரர்கள், ஒரு மண் ட்ராக், லேப் (சுற்று) எண்ண நான்கு உதவியாட்கள் போதும்.

## 1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“இன்டர்வெல் பயிற்சியின் விளைவு” என்பது தலைப்பு, கேள்வி அல்ல. (இன்டர்வெல் என்பது சில நிமிடம் வேகமாக, சில நிமிடம் மெதுவாக என்று மாறிமாறி ஓடுவது.) “வாரத்தில் 5 நாள் ஓடுகிறவர்களுக்கு 2 நாள் இன்டர்வெல்லாக மாற்றினால், அதே நிமிடக் கணக்கில் மெதுவாக மட்டும் ஓடுகிறவர்களைவிட 3,600 மீட்டர் நேரம் கூடுதலாகக் குறைகிறதா?” என்பது கேள்வி. யார், என்ன மாற்றம், யாரோடு ஒப்பீடு, எதை அளக்கிறோம் என்ற நான்கும் அதில் இருக்கின்றன.

எதை வைத்து முடிவு சொல்கிறோமோ அது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். நாடித்துடிப்பு, எடை, நீளம் தாண்டுதல், புஷ்-அப் என்று பதினைந்து விஷயங்களை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே முன்னேறியிருக்கும். கடைசியில் கை அதைத்தான் தேடிப் போகும்.

## 2. காலண்டரை முதலில் பாருங்கள், பயிற்சி அட்டவணையைப் பிறகு

வேலூரில் பெரும்பாலான ஆய்வுகள் கெடுவது இங்கேதான். ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடித்தால் வாராவாரம் வெயில் ஏறும். வந்த பலன் அதில் பாதி கரைந்துபோகும். கத்திரி வெயிலில் தொடங்கி ஜூலையில் முடித்தால் கதை தலைகீழ். வெயில் தணிந்திருக்கும், உடம்பும் வெயிலுக்குப் பழகியிருக்கும். ஒன்றுமே செய்யாதவர்கூட வேகமாக ஓடுவார்.

வெயிலுக்குப் பழகுவது சாதாரண மாற்றம் அல்ல. முதல் சில நாளிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரும், அதே வேகத்தில் நாடித்துடிப்பு குறையும். 10 முதல் 14 நாளில் பெரும்பகுதி முடிந்துவிடும். விட்டுவிட்டால் சில வாரங்களில் போய்விடும். ஆகவே வருகிறவர் கடந்த இரண்டு வாரமாக வெளியில் ஓடியவரா என்று கேளுங்கள். பெங்களூரு ஹாஸ்டலிலிருந்து நேற்று வந்தவரையும் இங்கேயே ஓடிக்கொண்டிருந்தவரையும் ஒரே நாளில் அளக்காதீர்கள். வந்தவருக்கு இரண்டு வாரம் கொடுங்கள்.

காலண்டரில் குறிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. பொங்கல் வாரத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போவார்கள். மார்ச் என்றால் பொதுத்தேர்வு. ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பையன்கள் உங்கள் குழுவில் இருந்தால் நோன்பு மாதம் ஆய்வின் நடுவே வரக் கூடாது. சபரிமலை விரதமும் காவடியும் அப்படியே. சாப்பாடு, தூக்கம், நடை எல்லாம் மாறும்.

எந்த மாதம் எடுத்தாலும் பருவம் நகராமல் இருக்காது. அதனால்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும். வெயில் இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான்.

ஏலகிரிக்குக் கூட்டிப்போய் ஓடவைத்தால் மலைப் பயிற்சி ஆகிவிடும் என்று சிலர் திட்டத்தில் சேர்ப்பதுண்டு. உயரப் பயிற்சி ஆய்வுகள் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேலே, வாரக்கணக்கில் தங்கிச் செய்தவை. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். அங்கே கிடைப்பது குளிர்ச்சியும் ஏற்றமும். அவையும் நல்லவைதான், ஆனால் “ஆக்சிஜன் குறைவு” என்று எழுதாதீர்கள்.

## 3. ஆட்களும் சம்மதமும்

12 பேர் வேண்டுமென்றால் 16 பேரைச் சேருங்கள். ஷூ கம்பெனி ஷிப்ட், ராணுவ ஆள்சேர்ப்பு முகாம், காய்ச்சல் என்று எட்டு வாரத்தில் மூன்று நான்கு பேர் குறைந்துவிடுவார்கள்.

மைதானத்தில் மிக மெதுவாக ஓடிய பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களை “முன்னேற்ற” வேண்டாம். ஒருநாள் மோசமாக ஓடியவர் அடுத்த முறை தானாகவே தன் வழக்கமான நேரத்துக்குத் திரும்புவார். அது உங்கள் பயிற்சியின் கணக்கில் ஏறிவிடும்.

என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையெழுத்தும் பையனின் அல்லது பெண்ணின் ஒப்புதலும் வேண்டும். கல்லூரி ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி சோதனைக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். பின்தேதி போடும் வேலை கூடாது. நெஞ்சுவலி, ஓடும்போது மயக்கம், குடும்பத்தில் இளவயது திடீர் மரணம் ஆகிய மூன்றையும் கட்டாயம் கேளுங்கள். ஒன்றுக்கு “ஆமாம்” என்றாலும் டாக்டரைப் பார்க்காமல் ஓட வேண்டாம்.

“மாஸ்டர் சொன்னா ஓடணும்” என்ற மனநிலையில் பிள்ளைகள் கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே அவர்களுக்கு மார்க் போடும் ஆசிரியரே சம்மதம் வாங்காமல் இன்னொருவர் வாங்குவது நல்லது.

## 4. சாமான்கள்

லேப் பதியும் ஸ்டாப்வாட்ச் அல்லது போன் நான்கு; 50 மீட்டர் இரும்பு டேப்; முதுகில் ஒட்டும் எண்கள்; 50 அல்லது 100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் எடை மெஷின்; சாதாரணத் தெர்மாமீட்டர் இரண்டு; தார்ப்பாய், ஐஸ், தண்ணீர். நாடித்துடிப்பு வேண்டுமென்றால் நெஞ்சுப்பட்டை. மணிக்கட்டு வாட்ச் வியர்வையிலும் வேகத்திலும் தடுமாறும். சில சமயம் காலடி எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டிவிடும். 175 என்று நேர்க்கோடாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

எடை மெஷினை மண்ணில் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு எண் வரும். அடியில் பிளைவுட் பலகை போடுங்கள். மூடி திறக்காத 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை ஒதுக்கிவைத்து, தினமும் முதலில் அதை நிறுத்துக் குறியுங்கள். எண் மாறினால் மெஷினில் கோளாறு.

இரண்டு தெர்மாமீட்டரில் ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி நனையுங்கள். கஞ்சி போன பழைய வேட்டித் துணி நல்லது. புதுத் துணி தண்ணீரை உறிஞ்சாது. போர் தண்ணீரில் நனைத்தால் உப்புப் படிந்து துணி விறைத்துவிடும், கேன் தண்ணீரே போதும். இரண்டு நிமிடம் விசிறியால் விசிறிவிட்டு இரண்டையும் படியுங்கள். நனைந்தது காட்டும் எண்ணை 0.7 ஆலும் உலர்ந்தது காட்டும் எண்ணை 0.3 ஆலும் பெருக்கிக் கூட்டினால், வெயில் ஏறாத நேரத்துக்கான வெப்ப அழுத்த எண் (வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உடம்பைப் படுத்தும் அளவு) தோராயமாகக் கிடைக்கும். உலர் 27, ஈரம் 24 என்றால் 8.1 + 16.8 = 24.9. இந்த எண் 28ஐத் தாண்டினால் சோதனை வேண்டாம். சூரியன் மேலே வந்தபின் இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைத்தே காட்டும்.

## 5. ட்ராக்கை நீங்களே அளங்கள்

“நானூறு மீட்டர் ட்ராக் சார்” என்ற வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். உள்விளிம்பில் உயர்ந்த திட்டு இருந்தால் அதிலிருந்து 30 செ.மீ. தள்ளியும், சுண்ணாம்புக் கோடு மட்டும் இருந்தால் கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து 20 செ.மீ. தள்ளியும் முதல் லேன் அளக்கப்படும். வளைவை டேப் வைத்து அளக்க முயலாதீர்கள். மையக் குச்சியிலிருந்து கம்பியால் ஆரத்தை அளந்து 3.1416ஆல் பெருக்கினால் ஒரு அரைவட்டம் வரும். இரண்டு அரைவட்டம், இரண்டு நேர்ப்பகுதி, அவ்வளவுதான். துணி டேப் இழுபடும், கம்பி இழுபடாது.

அளந்தபின் உள்கோட்டில் வளைவுக்குப் பத்து ஆணி வீதம் தரைமட்டத்துக்கு அடித்துவிடுங்கள். நடுவில் விளையாட்டு விழா வரும், கோட்டைப் புதிதாகப் போடுவார்கள். ஆரம் அரை மீட்டர் மாறினாலே சுற்றுக்கு 3.1 மீட்டர், ஒன்பது சுற்றில் 28 மீட்டர், அதாவது ஆறு விநாடி. சுண்ணாம்புச் சட்டிக்காரர் உங்கள் ஆய்வு முடிவை மாற்றிவிட்டுப் போவார், அவருக்கே தெரியாது.

அதேபோல இரண்டாவது லேனில் ஒரு சுற்று சுமார் 407 மீட்டர். ஒன்பது சுற்றும் அங்கேயே ஓடினால் 63 மீட்டர் கூடுதல், 14 விநாடி நஷ்டம். ஒரே சமயத்தில் பன்னிரண்டு பேரை விட்டால் முந்துவதற்காக எல்லோரும் வெளியேதான் ஓடுவார்கள். ஆறு ஆறு பேராக, ஒருவருக்கொருவர் ஒரு நிமிட இடைவெளியில் விடுங்கள்.

ஜி.பி.எஸ். வாட்ச் காட்டும் தூரத்தை ட்ராக்கில் கணக்கில் எடுக்கவே வேண்டாம். வளைவுகளில் அது தன் இஷ்டத்துக்குக் கோடு போடும்.

## 6. சோதனை நாள் காலை

சோதனை இரண்டு: 3,600 மீட்டர் (9 சுற்று), 1,200 மீட்டர் (3 சுற்று). இரண்டுக்கும் நடுவே குறைந்தது 48 மணி நேரம். ஒரே காலையில் அரைமணி இடைவெளியில் ஓடவைப்பதும் உண்டு. ஆனால் இந்த ஊரில் அந்த அரைமணிக்குள் வெயில் ஏறிவிடும், நாள் பிரிப்பதே சுத்தம்.

முந்தைய நாள்: கடினமான ஓட்டம் இல்லை. இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்று மட்டும் குறியுங்கள். இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தவரை ஓடவைக்காமல் வேறு நாள் கொடுங்கள்.

சாப்பாடு: முதல் சோதனையில் என்ன சாப்பிட்டாரோ அதையே கடைசிச் சோதனையிலும் சாப்பிட வேண்டும். வெறும் வயிறு என்றால் இரண்டு முறையும் வெறும் வயிறு. காபியும் அப்படித்தான். காபி ஓட்டத்துக்குக் கைகொடுக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட விஷயம். தினம் குடிக்கிறவரைத் திடீரென நிறுத்தச் சொன்னால் தலைவலியோடு வருவார். குடிக்கட்டும், இரண்டு முறையும் அதே அளவு, அதே நேரம்.

ஷூ: அதே ஜோடி. கார்பன் தகடு வைத்த ஷூ ஒன்றை நடுவில் யாராவது பரிசாக வாங்கினால், அதைச் சோதனை நாளில் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்த ஷூ தரும் முன்னேற்றம் எட்டு வாரப் பயிற்சியை விழுங்கிவிடும்.

நேரம்: விடிந்தவுடன். ஜனவரியில் ஆறரையை ஒட்டித்தான் சூரியன் வரும், மே கடைசியில் ஐந்தேமுக்காலுக்கே வந்துவிடும். உடல்வெப்பம் காலையில் குறைவு, மாலையில் கூடுதல். ஓட்டமும் பொதுவாக மாலையில் கொஞ்சம் வேகம். முன்சோதனை காலையிலும் பின்சோதனை மாலையிலும் வைத்தால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

வார்ம்-அப்: 10 நிமிடம் மெதுவோட்டம், 4 முறை 80 மீட்டர் வேகம் கூட்டி ஓடுதல், 5 நிமிடம் நடை. எழுதிவைத்து அதையே செய்யுங்கள்.

லேப் எண்ணுகிறவர் ஒருவருக்கு இரண்டு ஓட்டக்காரர், அதற்குமேல் வேண்டாம். எட்டாவது சுற்றில் “அண்ணா, இன்னும் எத்தனை ரவுண்டு?” என்று ஓடிக்கொண்டே கேட்பான். அந்த நொடியில் எண்ணுகிறவர் தடுமாறினால் அந்த ஓட்டம் வீண். ஒவ்வொரு சுற்றுக்கும் லேப் பட்டனை அழுத்தினால் பின்னால் சரிபார்க்கலாம்: ஒரு லேப் மட்டும் மற்றவற்றைப் போல இருமடங்கு இருந்தால், விட்டுப்போனது அங்கேதான்.

மீதிச் சுற்றுகளைச் சொல்லலாம், நேரத்தைச் சொல்ல வேண்டாம். கைதட்டல், கத்தல் எல்லாம் எல்லோருக்கும் ஒரே அளவில். தன் கிளப் பையன் வரும்போது மட்டும் கோச் வேலியோரமாகக் கூடவே ஓடுவது இங்கே சகஜம். அவருக்கு வேறு ஏதாவது வேலை கொடுத்து அனுப்புங்கள்.

## 7. பயிற்சி தொடங்கும் முன்னரே இரண்டு முறை

வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். ஒரு வாரம் இடைவெளியில், நடுவே எந்தப் புதுப் பயிற்சியும் இல்லாமல், அதே சோதனையை இரண்டு முறை நடத்துங்கள். எதுவும் மாறாதபோதே நேரம் எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்தால்தான், பின்னால் வந்த மாற்றம் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும்.

கணக்குக்காக ஆறு பேரின் 3,600 மீட்டர் விநாடிகள், முதல் முறையும் இரண்டாம் முறையும்:

800 – 793
826 – 828
781 – 772
845 – 831
812 – 813
858 – 849

வித்தியாசங்கள்: −7, +2, −9, −14, +1, −9. இவற்றின் சராசரி −6. பயிற்சியே இல்லாமல் ஆறு விநாடி “முன்னேற்றம்”! வேகத்தைப் பங்கிட்டு ஓடக் கற்றுக்கொண்டதுதான் காரணம். முதல் முறை முதல் சுற்றிலேயே பாய்ந்து ஐந்தாவதில் தொங்கியவர், இரண்டாம் முறை நிதானமாகப் போயிருப்பார். முன்சோதனை ஒன்றோடு நிறுத்துகிறவர்கள் இந்த ஆறையும் பயிற்சியின் தலையில் வைக்கிறார்கள்.

அடுத்து, அந்த ஆறு வித்தியாசங்களின் திட்டவிலக்கம், அதாவது அவை தங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு. எக்செல்லில் அதற்கான சூத்திரம் உண்டு, இங்கே 6.3 வரும். அதை 1.414ஆல் வகுத்தால் 4.4 விநாடி, இதுதான் உங்கள் சோதனையின் இயல்பான பிழை. ஒரு தனி ஓட்டக்காரரின் நேரம் இரண்டு முறைக்கு நடுவே 6.3இன் ஏறத்தாழ இருமடங்கு, அதாவது சுமார் 12 விநாடிக்குமேல் மாறினால்தான் “இவர் மாறியிருக்கிறார்” என்று சொல்ல ஓரளவு உரிமை உண்டு. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதால் இந்த 12ஐயும் கொஞ்சம் தளர்வாகவே பிடியுங்கள். பின்சோதனையை ஒப்பிட இரண்டாவது முறையின் நேரத்தையே எடுங்கள். நேரம் இருந்தால், கணக்கில் சேராத ஒத்திகை ஒன்றை இன்னும் முன்னால் வைக்கலாம்.

எக்செல்லில் நேரத்தை 13:20 என்று அடித்தால் அது பதின்மூன்று மணி இருபது நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். 800 என்று விநாடியாகவே அடியுங்கள்.

## 8. எல்லை வேகம்: இரண்டு ஓட்டத்திலிருந்து இரண்டு எண்

1,200, 3,600 இரண்டும் இருந்தால் ‘கிரிட்டிக்கல் ஸ்பீடு’ எனப்படும் எல்லை வேகத்தைக் கணக்கிடலாம். அந்த வேகத்துக்குக் கீழே ஓடினால் உடம்பு ஒரு சமநிலையில் நிற்கும். மேலே போனால் ஒரு கையிருப்புத் தூரம் கரையத் தொடங்கும், அது தீர்ந்ததும் வேகம் விழும்.

1,200 மீட்டரை 240 விநாடியிலும் 3,600 மீட்டரை 800 விநாடியிலும் ஓடியவருக்கு:

எல்லை வேகம் = (3,600 − 1,200) ÷ (800 − 240) = 2,400 ÷ 560 = விநாடிக்கு 4.29 மீட்டர். கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 53 விநாடி, ஒரு சுற்றுக்கு 93 விநாடி.

கையிருப்பு = 1,200 − (4.286 × 240) = சுமார் 171 மீட்டர்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அதே ஆள் 1,200இல் சோம்பி 250 விநாடி எடுத்தார் என்று வையுங்கள். 2,400 ÷ 550 = 4.36, கிலோமீட்டருக்கு 3:49. மெதுவாக ஓடியவர் வேகமானவராக மாறிவிட்டார்! கையிருப்பு மட்டும் 109 மீட்டராகச் சரிந்திருக்கும். எல்லை வேகம் ஏறி, கையிருப்பு பெரிதாக இறங்கினால் மகிழ்வதற்கு முன் 1,200இன் லேப் நேரங்களைப் பாருங்கள். ஆள்சேர்ப்பு 1,600 மீட்டருக்குத் தயாராகிறவர்கள் மூன்று சுற்றை முழுமூச்சாக ஓடிவிடுவார்கள். அரை மாரத்தான் பழக்கம் உள்ளவர்கள்தான் அடக்கி ஓடுவார்கள்.

## 9. குழு பிரித்தல்

3,600 நேரப்படி வரிசைப்படுத்துங்கள். முதல் இருவர் ஒரு ஜோடி, அடுத்த இருவர் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் எல்லோர் முன்னாலும் காசு சுண்டுங்கள். ஆர்வமுள்ளவர்களை இன்டர்வெல் குழுவிலும் மற்றவர்களை அந்தப் பக்கமும் போட்டால், நீங்கள் அளப்பது ஆர்வத்தை. “காட்பாடிப் பையன்கள் ஒரு குழு, சத்துவாச்சாரி ஒரு குழு” என்று வசதிக்காகப் பிரிப்பதும் அதே தப்பு.

## 10. எட்டு வாரம்

இன்டர்வெல் குழுவுக்கு வாரம் இரண்டு நாள், நடுவே இரண்டு நாள் இடைவெளி. 3 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுவோட்டம். முதல் இரண்டு வாரம் 4 முறை, பிறகு 5, கடைசி மூன்று வாரம் 6. வேகம் அவரவர் எல்லை வேகத்தைவிட 5 சதவீதம் மேலே: மேலே சொன்னவருக்கு விநாடிக்கு 4.5 மீட்டர், சுற்றுக்கு 89 விநாடி. 3 நிமிடத்தில் கையிருப்பிலிருந்து 39 மீட்டர்தான் செலவாகும் என்பதால் அவர் தாங்குவார். எல்லோரையும் “80 விநாடியில் அடி” என்று ஒரே விசிலில் ஓட்டினால், ஒருவருக்கு அது இன்டர்வெல், இன்னொருவருக்குப் பந்தயம்.

இன்டர்வெல்லை நாடித்துடிப்பு வைத்து ஓட்டாதீர்கள். துடிப்பு மேலே வருவதற்குள் பாதி முடிந்துவிடும். வெயிலில் அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் தோலைக் குளிர்விக்க இரத்தம் அந்தப் பக்கம் திரும்புகிறது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரமும் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் போகும்.

மெதுவான நாள் மெதுவாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். கூட்டமாக ஓடும்போது இது கைமீறிப் போட்டியாகும். கோட்டை அகழியைச் சுற்றி ஓடும் காலைக் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். ஒப்பீட்டுக் குழு மெதுவான நாளில் வேகமாக ஓடினால் உங்கள் இரண்டு குழுவும் ஒன்றாகிவிடும்.

ஓட்டம் முடிந்து 30 நிமிடம் கழித்து, “இன்றைய ஓட்டம் மொத்தத்தில் எவ்வளவு கஷ்டம், 0 முதல் 10க்குள்?” என்று தனியாகக் கேளுங்கள். உடனே கேட்டால் கடைசி வேக ஓட்டத்தின் மூச்சிரைப்புதான் பதில் சொல்லும்; கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் “அஞ்சு” என்பார்கள். அந்த எண்ணை நிமிடங்களால் பெருக்குங்கள். 60 நிமிட மெதுவோட்டத்துக்கு 3 என்றால் 180. 50 நிமிட இன்டர்வெல்லுக்கு 7 என்றால் 350. இரண்டு குழுவுக்கும் நிமிடம் சமமா, இந்தச் சுமை சமமா என்று முதலிலேயே முடிவுசெய்து எழுதுங்கள். இரண்டையும் ஒருசேரச் சமமாக்க முடியாது.

இரண்டாம், ஏழாம் வாரத்தில் ஒருநாள் வியர்வையை அளங்கள். ஓடும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை. ஓடியபின் துண்டால் துடைத்து, நனைந்த பனியனைக் கழற்றி எடை. 58.4 கிலோ 57.3 ஆனது, நடுவே 400 மி.லி. குடித்தார், ஒரு மணி நேரம்: வியர்வை மணிக்கு 1.5 லிட்டர். நனைந்த பனியனோடு நிறுத்தால் அதில் உள்ள வியர்வை எடையாகவே திரும்பி வந்துவிடும்.

ஓடியபின் எடை கூடியிருந்தால் நின்று கவனியுங்கள். அவர் தேவைக்குமேல் குடிக்கிறார். இரத்தத்தில் சோடியம் இறங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. “முடிந்தவரை தண்ணீர் குடி” என்பது நல்ல அறிவுரை அல்ல.

பெண்கள் இருந்தால் மாதவிடாய் தேதியை அவர்கள் விரும்பினால் மட்டும், ஒரு பெண் உதவியாளர் வழியாகக் குறியுங்கள்.

## 11. வெப்பத் தாக்கு வந்தால்

தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, கோபம், பெயர் கேட்டால் விழிப்பது: இவை வந்தால் வெறும் களைப்பு என்று நினைக்காதீர்கள். ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும், மற்றவர்கள் அதே நிமிடம் குளிர்விக்கத் தொடங்குங்கள். தார்ப்பாயில் படுக்கவைத்து, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப்பிடித்து, ஐஸ் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி அசைத்துக்கொண்டே இருங்கள். முதல் அரைமணிதான் உயிரை முடிவுசெய்யும். முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டி. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஐஸை முந்தின இரவே வாங்கி உமி அல்லது தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். காலை ஆறு மணிக்கு ஐஸ் கடை திறந்திருக்காது.

## 12. பின்சோதனையும் எழுதுவதும்

கடைசி இன்டர்வெல்லுக்கும் பின்சோதனைக்கும் நடுவே நான்கு ஐந்து நாள் விடுங்கள். களைப்போடு அளந்தால் பயிற்சி கெடுதல் செய்ததுபோலத் தோன்றும். அதே வரிசை, அதே ஆறு பேர் தொகுதி, அதே லேப் எண்ணுகிறவர். தொடக்கத்தில் உலர் வெப்பநிலை முன்சோதனையைவிட 3 டிகிரிக்குமேல் வித்தியாசப்பட்டால் இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் இரு குழுவும் ஒரே காலையில் ஓடியதை உறுதிசெய்து, இரண்டு நாளின் வெப்பநிலையையும் எழுதுங்கள்.

கணக்கில் அதிகம் நடக்கும் தவறு: இன்டர்வெல் குழுவின் மாற்றம் புள்ளியியல்படி முக்கியம் (தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாதது), ஒப்பீட்டுக் குழுவினது முக்கியமில்லை, ஆகவே இன்டர்வெல் சிறந்தது என்று முடிப்பது. இரண்டு குழுக்களின் *மாற்றங்களை* நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும். அங்கே 16 விநாடி குறைந்தது, இங்கே 7 குறைந்தது என்றால் பயிற்சிக்கு உரியது 9; அந்த 9க்கு நம்பக எல்லை (உண்மையான எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பு) என்ன என்று கணக்கிடுங்கள். ஆறுக்கு ஆறு பேரில் அது அகலமாகத்தான் வரும். அகலமாகவே எழுதுங்கள்.

எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், விலகியவர் ஏன் விலகினார், ஒவ்வொருவரும் எத்தனை இன்டர்வெல் நாளுக்கு வந்தார் என்பதை ஓர் அட்டவணையில் கொடுங்கள். 16இல் 10 நாள் மட்டும் வந்தவரையும் அவருடைய குழுவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள். அவரை நீக்கினால் மிஞ்சுவது உழைக்கக்கூடியவர்கள் மட்டும்.

ஓடியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள்: இரண்டு முன்சோதனை நேரம், பின்சோதனை நேரம், எல்லை வேகத்தில் சுற்றுக்கு எத்தனை விநாடி, மணிக்கு எவ்வளவு வியர்வை. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்கு, அவர்கள் விரும்பினால், அதே இன்டர்வெல் அட்டவணையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.